சிப்பிச் சுண்ணாம்பும் எவரெஸ்ட் உச்சியும்: இமயமலை கேள்வி பதில்

காரைக்குடியில் பல வருடம் புவியியல் சொல்லிக் கொடுத்தவன் நான். இமயமலையைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

இமயமலை முன்னால் கடலாக இருந்தது என்கிறான் பேரன். நம்பலாமா தம்பி? (ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்)

நம்பலாம் ஆச்சி. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கடல் உயிரிகளின் ஓட்டுத் துண்டுகள் அதில் கல்லாகிக் கிடக்கின்றன. சுமார் 5 கோடி வருடத்துக்கு முன் இந்திய நிலத்தட்டு (இந்தியாவைத் தாங்கும் பூமி மேலோட்டின் பெரும் பலகை) வடக்கே நகர்ந்து ஆசியாவோடு முட்டியதில், நடுவே இருந்த டெத்திஸ் கடலின் தரை மடிந்து மேலே எழுந்தது. உங்கள் செட்டிநாட்டு வீட்டு வளவுச் சுவரில் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னுகிறதே, அதுவும் அந்த உச்சிக் கல்லும் அடிப்படையில் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். முட்டல் இன்னும் நிற்கவில்லை. 2015-இல் நேபாளம் குலுங்கியது அதனால்தான்.

ஏறாமலே எவரெஸ்டை எப்படி அளந்தார்கள் சார்? (பத்தாம் வகுப்பு மாணவர், காரைக்குடி)

முக்கோணக் கணக்குதான் தம்பி. 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் ஓர் அடிக்கோடு, அதாவது கணக்குக்கு ஆதாரமான முதல் கோடு, அளந்தார். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். அப்படியே முக்கோணம் முக்கோணமாக வடக்கே போனார்கள். 160 கிலோமீட்டருக்கும் அப்பால் சமவெளியில் நின்று எடுத்த கோணங்களை வைத்து உயரத்தைக் கணக்கிட்டவர் வங்காளத்துக் கணித வல்லுநர் ராதாநாத் சிக்தார். 1856-இல் அறிவித்தது 29,002 அடி. இன்றைய அளவு 8,848.86 மீட்டர் (சுமார் 29,032 அடி), வித்தியாசம் சுமார் 30 அடிதான்! சிகரத்துக்குச் சூட்டியதோ நில அளவைத் துறையின் முன்னாள் தலைவர், சர்வேயர் ஜெனரல் ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர். எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஷெர்பா என்றால் சுமை தூக்குபவரா? (தேவகோட்டை)

இல்லை, அது நேபாள மலைப்பகுதியில் வாழும் ஒரு இனத்தின் பெயர். மலையேறும் குழுக்களுக்கு அவர்கள் சுமை தூக்கிப் போனதால்தான் இந்தக் குழப்பம். 1922-இல் எவரெஸ்ட் பனிச்சரிவில் இறந்த 7 பேரும் சுமை தூக்கிப் போனவர்கள். 1953 மே 29-இல் ஹிலாரியோடு எவரெஸ்ட் உச்சியில் நின்ற ஷெர்பா டென்சிங்குக்கு அது ஏழாவது எவரெஸ்ட் பயணம். அவரைத் துணையாள் என்று எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மே மாதத்திலேயே ஏறுகிறார்களே, ஏன்? (பள்ளத்தூர்)

உச்சியில் அடிக்கும் கடுங்காற்று, பருவமழைக்கு முன் சில நாள் வடக்கே விலகும். அந்த இடைவெளிக்காகத்தான்.

சாமி மலையைக் காலால் மிதிக்கலாமா? (மறுபடியும் அதே ஆச்சி)

நல்ல கேள்வி ஆச்சி. 8,586 மீட்டர் உயரக் கஞ்சன்ஜங்கா சிக்கிம் மக்களுக்குத் தெய்வம். 1955 மே 25-இல் அங்கே முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்கின்படி உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். பின்னால் போனவர்களில் பலரும் அப்படியே செய்தார்கள்.