மறு: தடிமனுக்குப் பிறகு அம்மாவுக்கு ருசியே தெரியவில்லை

வணக்கம் தங்கச்சி. தடிமன் மாறி 3 கிழமையாகியும் அம்மாவுக்கு மீன்குழம்பு சப்பென்று இருக்குது, ஆனால் உப்புக் கூடினால் மட்டும் உடனே கண்டுபிடிக்கிறா என்று எழுதியிருந்தீர்கள். விடை அந்தக் கடைசி வரியில்தான் இருக்குது. நாக்கில் பிழையில்லை, எனக்கு மூக்கில்தான் சந்தேகம்.

நாக்கு முக்கியமாகப் பிடிப்பது இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு, உமாமி (மீன், இறைச்சிச் சாறு போன்றவற்றில் வரும் ஆழ்ந்த ருசி) என்ற ஐந்தைத்தான். (மாசி போட்ட சம்பல் இன்னொரு பிடி சோறு கேட்பது உமாமியால்.) கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், ஏலக்காய் எல்லாம் பெரும்பாலும் மணம். மெல்லும்போது அது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும். அந்த வழி அடைபட்டால் குழம்பில் மிஞ்சுவது உப்பும் புளியும்தான். உறைப்பு சுவையே இல்லை. சூட்டை உணரும் நரம்பு ஏற்பியை மிளகாய் தூண்டிவிடுகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இன்றைக்கே பாருங்கள்: அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி சீனி, உப்பு, தேசிக்காய்ச்சாறு, பாகற்காய் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் கீறின நாக்குப் படத்தை மறந்துவிடுங்கள், எல்லாச் சுவையும் எல்லாப் பக்கமும் தெரியும். பிறகு கோப்பித்தூள் போத்தலை மூக்கடியில் பிடியுங்கள். மணக்காவிட்டால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள், குடிக்கிற குளிசைகளின் பெயர்களோடு. சில மருந்தும் சுவையை மாற்றும்.

நாக்கைப் போட்டுச் சுரண்டவேண்டாம். மூக்கைத் திரும்பப் பழக்க, கராம்பையும் தேசிக்காய்த் தோலையும் தினம் இருதரம் மணக்கச் சொல்லுங்கள், மாதக்கணக்கில்.