லாபம் ஏறியிருக்கிறது, ஆனால் பணம் பத்திரமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் 12 லட்சம். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி வங்கியைவிட அதிக வட்டி தருகிறது. காலாண்டு லாபமும் ஏறுமுகம்தான். டெபாசிட் போடலாமா?

மொத்தப் பணத்தையும் அங்கே போடாதீர்கள். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஃபைனான்ஸ் கம்பெனி டெபாசிட்டுக்கு அது அறவே கிடையாது. டிஹெச்எஃப்எல் என்ற வீட்டுக் கடன் கம்பெனி 2019 தொடக்கம் வரை மிக உயர்ந்த தரமதிப்பீட்டில்தான் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. பெரிய தொகை போட்டிருந்தவர்களுக்குக் கால் பங்குகூடத் திரும்பவில்லை. அதில் ஓய்வுபெற்றவர்கள் எத்தனையோ பேர்.

லாபம் எவ்வளவு என்பதற்கு முன்னால், கம்பெனி வாங்கிய கடனை எப்போது திருப்ப வேண்டும் என்று பாருங்கள். ஆண்டறிக்கையில் முதிர்வுக்கால அட்டவணை இருக்கும். அடுத்த ஓராண்டில் உள்ளே வர வேண்டிய பணம், வெளியே போக வேண்டியதைவிடக் குறைவாக இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். 2018 செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தவணை தவறியதும், சில மாதக் கடன் வாங்கி 20 வருட வீட்டுக் கடன் கொடுத்தவர்கள்தான் முதலில் தவித்தார்கள்.

ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் வாராக்கடன் 4 சதவீதத்திலிருந்து 3.6 ஆகக் குறைந்தும் பங்கு விலை ஏன் இறங்கியது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 கோடி கடனில் வாராக்கடன் 40 கோடி, அதாவது 4 சதவீதம். அடுத்த ஆண்டு மொத்தக் கடன் 1,250 கோடி, வாராக்கடன் 45 கோடி. சதவீதம் 3.6 ஆகிவிட்டது, ஆனால் நின்றுபோன பணம் கூடித்தான் இருக்கிறது. 90 நாள் தவணை நின்றால்தான் வாராக்கடன் என்பதால், நேற்றுக் கொடுத்த கடன் இன்று நல்ல கடனாகவே தெரியும். 'இரண்டாம் நிலை' என்று காட்டப்படும் கடன்கள், அதாவது பெரும்பாலும் 30 நாளைத் தாண்டி 90ஐத் தொடாதவை, கூடுகின்றனவா என்று பாருங்கள். சந்தை அதைத்தான் முதலில் கவனிக்கும்.

பொருளாதாரம் தள்ளாடும்போது ஸ்ரீராம் ஃபைனான்ஸ் போன்ற லாரிக் கடன் கம்பெனி தாங்குமா?

1979இல் தொடங்கிய இந்தத் தொழிலின் அடித்தளம் பழைய லாரிகள். ஒன்றிரண்டு வண்டி வைத்து ஓட்டுபவர்தான் வாடிக்கையாளர். லோடு குறைந்து டீசல் ஏறினால் அவருடைய தவணை உடனே தள்ளிப்போகும். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது, ரிசர்வ் வங்கி அனுமதித்தபடி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைக்குச் சலுகை தர வேண்டி வந்தது. ஆனால் புது வண்டி விலை ஏறும்போது பழைய வண்டிக்கும் விலை நிற்கும், அடமானம் கரைவதில்லை. வசூல் ஊழியருக்கும் லாரி ஸ்டாண்டில் ஆளைத் தெரியும். 2022இல் ஸ்ரீராம் சிட்டி யூனியன் ஃபைனான்ஸ் இதோடு இணைந்த பிறகு சிறுதொழில் கடன், தங்க நகைக் கடன் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. ஒரே தொழிலை நம்பியிருந்த நிலையைவிட இது மேல் என்பது என் கருத்து. அடமானமில்லாத தனிநபர் கடன் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதில் மட்டும் கண் வையுங்கள்.

2025இல் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) குறைந்ததே, எல்லா ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் லாபமா?

இல்லை. பிப்ரவரி முதல் ஜூன் வரை 6.5இலிருந்து 5.5 சதவீதமாகக் குறைந்தது. வாகனக் கடன் பெரும்பாலும் நிலையான வட்டி. வாங்கும் கடன் மலிவானால் மிச்சம் கம்பெனிக்கு. வீட்டுக் கடன் மாறும் வட்டி என்பதால் அந்த மிச்சத்தின் பெரும்பகுதி வாடிக்கையாளருக்குப் போய்விடும்.