காம்போ பேக்: ஃபிலிமுக்கு முன் பார்கோடைக் கவனியுங்கள்

கேள்வி: ஷாம்பூ, கண்டிஷனர், சீப்பு மூன்றையும் ஒரே செட்டாக விற்கப்போகிறேன். பேக்கிங்கை வெளியே ஒப்பந்தத்துக்குக் கொடுக்கிறேன். ஷ்ரிங்க் ஃபிலிம் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை) போதுமா, பெட்டி வேண்டுமா? வேறு என்னவெல்லாம் பேசிக்கொள்ள வேண்டும்?

பதில்: ஃபிலிமா பெட்டியா என்பது அப்புறம். முதலில் பார்கோடு. பாட்டில்களில் ஏற்கெனவே இருக்கும் பார்கோடு ஃபிலிம் வழியே தெரிந்தால், பில் போடுகிறவர் பேக்கைத் திருப்பும்போது ஸ்கேனர் கண்ணில் பட்டதைப் படித்துவிடும். ஷாம்பூ விலைக்கு மூன்றும் போய்விடும். செட்டுக்கென்று தனி பார்கோடு எண் வாங்குங்கள். பழைய பார்கோடுகள் மறைந்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

சரி, ஃபிலிம். பாலியோலிஃபின் என்ற பிளாஸ்டிக் ஃபிலிம் தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு உருண்டை பாட்டிலும் ஒரு சீப்பும் வெறும் ஃபிலிமுக்குள் நிற்காது, உருளும். பின்னால் ஒரு அட்டை கொடுங்கள். பழைய பார்கோடை அதன் பக்கம் திருப்பி வைத்தால் அந்த வேலையும் முடிந்தது. ஃபிலிமில் காற்று வெளியேறச் சிறு துளைகள் இருக்கட்டும், இல்லாவிட்டால் பலூன் மாதிரி உப்பும். பாட்டில் லேபிளே ஷ்ரிங்க் ஸ்லீவ் (பாட்டிலைச் சுற்றிச் சுருக்கிப் போட்ட உறை) என்றால், ஃபிலிமைச் சுருக்கும் சூட்டு டனலில் அதுவும் மறுபடி சுருங்கக்கூடும். சோதித்துப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

காலாவதித் தேதியில் பலர் சறுக்குகிறார்கள். ஷாம்பூவுக்கு 20 மாதமும் கண்டிஷனருக்கு 9 மாதமும் மீதமிருந்தால், செட்டின் ஆயுள் 9 மாதம்தான். எந்த செட்டில் எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான சரக்கு) போனது என்ற பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

பெரிய தலைவலி, சீப்பு விடுபடுவது. "எடைபோட்டுப் பார்த்துவிடுவோம்" என்பார்கள். நம்பாதீர்கள். நிரப்பிய பாட்டில்களின் எடையே செட்டுக்கு செட் சில கிராம் கூடக்குறைய இருக்கும். இலேசான சீப்பு அந்த வித்தியாசத்துக்குள் ஒளிந்துகொள்ளும். கருவி பச்சை விளக்கைத்தான் காட்டும். எண்ணிக் கொடுப்பதே வழி. செட்டுகளை அடுக்கி அனுப்பும் பெரிய பெட்டிக்கு 24 செட் என்றால், தட்டில் 24 சீப்பு வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். பெட்டி நிறைந்தபின் தட்டில் ஒரு சீப்பு மிஞ்சினால், ஒட்டுவதற்கு முன் அந்தப் பெட்டியைக் கொட்டிப் பார்க்க வேண்டும்.

சேதாரம் எத்தனை சதவீதம், அது யார் கணக்கு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். சீப்பு 50 குறைந்தால் 50 செட் முடியாமல் நிற்கும். அதனால் விலை குறைந்த பொருளைக் கொஞ்சம் கூடுதலாகவே அனுப்புங்கள்.