ஞானஸ்நானம் பெறாத என் பேரன் எங்கே இருக்கிறான்?

கேள்வி: என் மகளுக்குக் கல்யாணமாகி 6 வருஷம் கழித்து, போன தை மாதம் ஆண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதமே பிறந்துவிட்டான். மூச்சுத் திணறல் என்று ஆம்புலன்ஸில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே உயிர் போய்விட்டது. 11 மணி நேரம்தான் இருந்தான். ஞானஸ்நானம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்தில் தென்னை மரத்தடியில் அடக்கம் செய்தோம். "ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை மோட்சம் போகாது, லிம்போவில்தான் இருக்கும்" என்று சொந்தத்தில் ஒரு பெரியம்மா சொன்னதிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "நான்தான் அவனைக் கெடுத்துவிட்டேன்" என்கிறாள். என் பேரன் எங்கே இருக்கிறான், சிஸ்டர்? அவனுக்குப் பூசை வைக்கலாமா?
ஒரு பாட்டி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, முதலில் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள். அவள் யாரையும் கெடுக்கவில்லை. பாவம் என்பது தெரிந்து, மனம் ஒப்பிச் செய்வது. பிள்ளை பெற்ற உடம்போடு, அது பிழைக்குமா என்று தவித்துக்கொண்டிருந்தவளுக்கு வேறெதுவும் தோன்றாமல் போனது பாவமே இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் பிரசவ வார்டில் 31 வருடம் நர்சாக இருந்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிறந்த கொஞ்ச நேரத்தில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய், கடலைக் காட்டில் கூலி வேலை செய்பவர், "என் பிள்ளை சேசுகிட்ட போயிருக்குமா சிஸ்டர்?" என்று கேட்டார். சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்ததை அப்படியே சொன்னேன். வேதனை இருக்காது, ஆனால் கடவுளைப் பார்க்க முடியாது என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பின்னாளில் அவரைத் தேடிப் போனபோது குடும்பமே திருப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போயிருந்தது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

லிம்போ என்பதைத் திருச்சபை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிக்கையிடவில்லை. 5ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார், மனிதர் பிறக்கும்போதே பாவத்தோடு பிறப்பதில்லை என்ற பெலாஜியுஸைப் பின்பற்றியவர்களோடு வாதாடும்போது, திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறாத குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக இலேசானது என்றார். பிற்கால இறையியலாளர்களுக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. தண்டனையும் இல்லாத, கடவுளை நேருக்கு நேர் காண்பதும் இல்லாத ஒரு நிலையை யோசித்தார்கள். அங்கே குழந்தைகள் இயல்பான மகிழ்ச்சியோடு இருப்பார்கள் என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். அதற்கு வைத்த பெயர்தான் லிம்போ. 'லிம்புஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குத் துணியின் கரை, ஓரம் என்று அர்த்தம். கேரள, தமிழக எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு இது சட்டென்று விளங்கும். செக்போஸ்ட்டில் உயிர் போன பிள்ளை அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் அங்கேயே நிற்கிறான் என்றுதான் உங்கள் மகளுக்குப் பட்டிருக்கும்.

சரி, திருச்சபை இன்று என்ன சொல்கிறது? 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் லிம்போ என்ற பேச்சே இல்லை. இப்படி இறந்த குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைப்பதைத் தவிர திருச்சபைக்கு வேறு வழியில்லை என்கிறது 1261ஆம் எண். சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள், தடுக்காதீர்கள் என்று ஆண்டவர் சொன்னதை அங்கேயே எடுத்துக்காட்டி, இவர்களுக்கும் மீட்பின் வழி உண்டு என்று நம்ப இடம் தருகிறது. அதற்குச் சற்று முன்னால், 1257ஆம் எண்ணில் இருப்பதை நான் தாளில் எழுதி என் செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். கடவுள் மீட்பைத் திருமுழுக்கு என்னும் அருளடையாளத்தோடு, அதாவது அருளைத் தரும் புனிதச் சடங்கோடு, பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் தம்முடைய அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. தண்ணீரும் வார்த்தையும் நமக்குக் கொடுக்கப்பட்ட வழி. அந்த வழியில் நாம் போய்ச் சேர முடியாத ஒரு பிள்ளையிடம் கடவுளே வர முடியும்.

2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு இதைப் பற்றியே ஓர் ஆவணம் வெளியிட்டது. அதை வெளியிடத் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஒப்புதல் கொடுத்தார். இந்தக் குழந்தைகள் மீட்படைந்து கடவுளைக் கண்டு மகிழ்வார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்பது அதன் முடிவு. இது எதிர்நோக்கு, நிச்சயமான அறிவு அல்ல என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, அம்மா. ஆனால் என்னைக் கேட்டால், அந்தப் பிள்ளையைப் படைத்தவர் கையில் விடுவதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடி ஏரோது மன்னன் கொன்ற பெத்லகேம் குழந்தைகள் தண்ணீரால் திருமுழுக்குப் பெறவில்லை. கிறிஸ்துவுக்காகச் சிந்திய இரத்தமே அவர்களுக்குத் திருமுழுக்கு என்று சொல்லி, டிசம்பர் 28இல் அவர்களைப் புனிதர்களாகக் கொண்டாடுகிறோம். உங்கள் பேரனின் நிலை வேறுதான். ஆனாலும் எனக்கு அந்த நாள் மேல் தனிப் பிரியம். நம் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் 2013இல் அறிவிக்கப்பட்டதும் அதே நாளில்தான்.

பூசை வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்து, அதற்குள் இறந்த குழந்தைக்கு, ஆயரின் அனுமதியோடு திருச்சபையின் அடக்கச் சடங்கே நடத்தலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. திருப்பலிப் புத்தகத்தில் அதற்கென்றே செபங்கள் இருக்கின்றன. பங்குச் சாமியிடம் போய்ப் பேசுங்கள், தென்னை மரத்தடிக்கு வந்து செபிக்கவும் கேளுங்கள். பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் பெயர் இல்லை. வைக்கவில்லை என்றால் மகளும் மருமகனும் சேர்ந்து ஒரு பெயர் வைக்கட்டும். அப்புறம் சாயங்கால செபமாலையில் அந்தப் பெயரைச் சொல்லி அவனை ஆண்டவரிடம் ஒப்படையுங்கள்.

பிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு, துபாயிலிருந்து மாமா வரட்டும் என்று திருமுழுக்கை ஏழெட்டு மாதம் தள்ளிப்போடாதீர்கள். பிறந்த முதல் வாரங்களிலேயே கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். விருந்தை மாமா வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் நர்சிங் மாணவி. ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கலாமா? என் தோழி இந்து. அவள் கொடுத்தால் செல்லுமா?
ஒரு வாசகி, வாளையாறு

பதில்: இரண்டும் செல்லும். அவசரத்தில் யாரும் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும். தீர்த்தம் தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும். தலையில் தண்ணீர் ஓடும்படி ஊற்றிக்கொண்டே, ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும்: "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்." இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளுக்கு நான் ஊசி மாட்டாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து நெற்றியில் விட்டிருக்கிறேன். பெற்றோர் கேட்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டால் மறுபடி திருமுழுக்குக் கிடையாது. கோயிலுக்குக் கொண்டுபோனால் எண்ணெய் பூசுதல், வெள்ளை உடை, மெழுகுதிரி ஆகிய மீதிச் சடங்குகளைச் சாமியார் செய்வார். கொடுத்த தேதி, நேரம், குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஊற்றியவர், கூட நின்றவர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அன்றைக்கே பங்கு அலுவலகத்தில் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.