ஒருவர் வாங்கிய கேம், வீட்டில் எத்தனை பேருக்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல்கள் உள்ளன. மகனும் மகளும் தனித்தனியாக ஆன்லைன் சந்தா கட்டுகிறார்கள். குடும்பச் சந்தாவுக்கு மாறினால், மகன் வாங்கி வைத்திருக்கும் டிஜிட்டல் கேம்களை மகளும் விளையாட முடியுமா?

பதில்: சந்தா வேறு, கேம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குடும்பச் சந்தா வாங்கிவிட்டுப் பிறகு ஏமாற்றமடைபவர்கள் பலர் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

குடும்பச் சந்தா என்பது ஆன்லைன் சேவைக்கான கட்டணத்தை ஒருவர் கட்டி, 8 கணக்குகள் வரை அதன் பயனைப் பெறும் ஏற்பாடு. வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் நிண்டெண்டோ கணக்கில் ஒரு குடும்பக் குழுவைத் தொடங்கி, மற்றவர்களின் கணக்குகளை அதில் சேர்க்க வேண்டும். குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கிலேயே இணையத்தில் மற்றவர்களோடு விளையாடலாம்; சந்தாவோடு வரும் பழைய கேம்களின் தொகுப்பைத் திறக்கலாம்; தாம் விளையாடி எட்டிய நிலையை கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பிடத்தில், சேமிக்கலாம். (எல்லா கேம்களும் கிளவுட் சேமிப்பை ஏற்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.) பிள்ளைகளின் தனிச் சந்தாக்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தால், மாறுவதற்கு முன் அதை நிறுத்திவிடுங்கள், இல்லையெனில் ஒரே சேவைக்கு இரண்டு முறை பணம் போகும். அவற்றின் முடிவுத் தேதி நெருங்கும்போது மாறுவது இன்னும் நல்லது.

காசு கொடுத்து வாங்கிய டிஜிட்டல் கேம் மட்டும் வாங்கியவரின் கணக்கிலேயே இருக்கும். அதைப் பகிர வேறொரு வழி உண்டு. 2025 ஏப்ரல் இறுதியில் வந்த மென்பொருள் மாற்றத்திலிருந்து, ஸ்விட்சில் வாங்கும் ஒவ்வொரு டிஜிட்டல் கேமும் ஒரு மெய்நிகர் கேம் கார்டாகக் காட்டப்படுகிறது. பிளாஸ்டிக் கார்டை ஒரு கன்சோலிலிருந்து எடுத்து இன்னொன்றில் செருகுவதுபோல, இந்தக் கார்டை ஒரு கன்சோலிலிருந்து வெளியே எடுத்து, அதே கணக்கோடு இணைத்த இரண்டாவது கன்சோலில் ஏற்றலாம். எந்தக் கன்சோலில் கார்டு ஏற்றப்பட்டிருக்கிறதோ, அந்தக் கன்சோலில் இருக்கும் எந்தப் பயனரும் அந்த கேமை விளையாடலாம். ஆனால் கார்டு ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும்.

இதைவிட உங்களுக்குப் பொருத்தமானது கடன் கொடுக்கும் வசதி. குடும்பக் குழுவில் உள்ள ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு கேமை 14 நாட்களுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது இரண்டு கன்சோல்களும் அருகருகே இருக்க வேண்டும். ஆகவே வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கு இது உதவாது. 14 நாட்கள் முடிந்தால் யாரும் கேட்காமலேயே கார்டு உரியவரிடம் திரும்பிவிடும். கடன் வாங்கியவர் எதுவரை விளையாடினாரோ அந்தச் சேமிப்பு அவருடைய கன்சோலிலேயே இருக்கும் என்பதால், மறுமுறை கடன் வாங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இருவரும் ஒரே கேமை ஒரே நேரத்தில் சேர்ந்து விளையாட விரும்பினால் பொதுவாக இரண்டு பிரதிகள் வேண்டியிருக்கும். எனவே இருவரும் மிகவும் விரும்பும் ஒன்றிரண்டு கேம்களை மட்டும் இரண்டாக வாங்குங்கள்; தனியாக விளையாடி முடிக்கும் கதை கேம்களுக்கு மாற்றி மாற்றிக் கடன் கொடுப்பதே போதும்.

கேள்வி: கூடத்தில் இருக்கும் பிளேஸ்டேஷன் 5-இல் என் கணக்கில்தான் பிளஸ் என்னும் ஆன்லைன் சந்தாவும் கேம்களும் உள்ளன. இப்போது தம்பி தன் அறையில் இன்னொரு பிளேஸ்டேஷன் 5 வாங்கியிருக்கிறான். என் கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதுமா?

பதில்: கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதே இல்லை. நீங்களே அவருடைய அறைக்குப் போய் ஒருமுறை உள்நுழைந்தால் போதும்.

வாங்கிய கேமை இரண்டு வழிகளில் திறக்கலாம் என்பதுதான் இதன் அடிப்படை. முதல் வழி, வாங்கியவரின் கணக்கு. அந்தக் கணக்கில் நுழைந்திருப்பவர் இணைய இணைப்புள்ள எந்தக் கன்சோலிலும் தம் கேமைத் திறக்கலாம். இரண்டாவது வழி, அந்தக் கணக்குக்கு உரியதாகக் குறிக்கப்பட்ட ஒரு கன்சோல். பிளேஸ்டேஷன் 5-இல் இதைக் கன்சோல் பகிர்வும் ஆஃப்லைன் விளையாட்டும் என்ற அமைப்பின் மூலம் இயக்குகிறோம். அது இயக்கப்பட்டிருக்கும் கன்சோலில், வேறு யார் தம் சொந்தக் கணக்கில் நுழைந்தாலும் உங்கள் கேம்களை விளையாடலாம். உங்கள் பிளஸ் சந்தாவின் பலத்தில் அவர்களும் ஆன்லைனில் ஆடலாம். ஒரு கணக்குக்கு ஒரே ஒரு பிளேஸ்டேஷன் 5-இல் மட்டுமே இதை இயக்க முடியும்.

பெரும்பாலோர் இதைத் தம் சொந்தக் கன்சோலிலேயே இயக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு நிலைமைக்கு அதை மாற்றி அமைப்பதே சரி. கூடத்துக் கன்சோலில் பகிர்வை நிறுத்துங்கள். பிறகு தம்பியின் கன்சோலில் உங்கள் கணக்கில் நுழைந்து, அங்கே பகிர்வை இயக்குங்கள். இப்போது தம்பி தன் கணக்கிலேயே உங்கள் கேம்களைத் திறப்பார், ஏனெனில் அவருடைய கன்சோல் உங்கள் கணக்குக்கு உரியதாகிவிட்டது. கூடத்தில் நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்திருப்பதால் உங்களுக்கும் அவை திறக்கும். பெரும்பாலான கேம்களை இருவரும் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் விளையாடலாம். கேமில் சாதித்ததற்குக் கிடைக்கும் கோப்பைகளும் சேமிப்புகளும் அவரவர் கணக்கில் தனித்தனியாகச் சேரும். கிளவுட் சேமிப்பு மட்டும் சந்தா கட்டும் உங்களுக்கே உரியது. தம்பிக்கு அது பகிரப்படாது.

இதில் ஒரு விலை உண்டு. கூடத்துக் கன்சோல் இனி இணையத்தை நம்பியிருக்கும். இணைப்பு துண்டிக்கப்பட்டால் டிஜிட்டல் கேம்கள் உங்களுக்குப் பூட்டிக்கொள்ளக்கூடும். தம்பிக்கோ இணைப்பு இல்லாவிட்டாலும் தனியாள் கேம்கள் திறக்கும். மேலும், கூடத்தில் வேறொரு கணக்கைப் பயன்படுத்தும் அம்மாவோ தங்கையோ இருந்தால், அவர்களுக்கு உங்கள் கேம்கள் அங்கே திறக்கா. கூடத்துக் கன்சோலைப் பலர் பயன்படுத்துகிறார்கள் என்றால், பகிர்வை அங்கேயே விட்டுவிடுவது நியாயம். யார் எந்தக் கன்சோலில் விளையாடுகிறார்கள் என்பதை முதலில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அவரவர் அறைக் கன்சோலை விற்கும்போதோ பழுது பார்க்கக் கொடுக்கும்போதோ பகிர்வை அந்தக் கன்சோலிலேயே நிறுத்திவிட்டுக் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டால், எல்லாக் கன்சோல்களிலிருந்தும் ஒட்டுமொத்தமாக இணையம் வழியே நீக்கலாம். ஆனால் அந்த வாய்ப்பு 6 மாதங்களுக்கு ஒருமுறைதான். பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்களுக்கு இதே ஏற்பாடு முதன்மைக் கன்சோல் என்ற பெயரில் இருக்கிறது. அது பிளேஸ்டேஷன் 5-இன் எண்ணிக்கையில் சேராது, ஆகவே இரண்டிலும் தனித்தனியாக ஒவ்வொன்றை வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பாக்ஸில் இதை ஹோம் எக்ஸ்பாக்ஸ் என்கிறார்கள். அதை 365 நாட்களில் 5 முறைதான் மாற்ற முடியும் என்பதால் அடிக்கடி மாற்றி விளையாடிப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: என் கணவர் தம் கணக்கில் வாங்கிய வன்முறை நிறைந்த கேம்கள், எங்கள் 9 வயது மகனின் பயனர் பக்கத்திலும் தெரிகின்றன. இது எப்படி நடந்தது? எப்படித் தடுப்பது?

பதில்: மேலே சொன்ன கன்சோல் பகிர்வின் மறுபக்கம் இது. பகிர்வு வயது பார்ப்பதில்லை. ஒரு கன்சோலில் அது இயங்கினால் அங்கே உள்ள எல்லாப் பயனர்களுக்கும் கேம்கள் திறந்துவிடும். தடுக்க வேண்டிய பொறுப்பு பெற்றோரின் அமைப்புகளுக்கே விடப்பட்டிருக்கிறது. நீங்கள் கவனித்துக் கேட்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஏனெனில் பல வீடுகளில் இது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை.

மகனுக்கு உண்மையான பிறந்த ஆண்டைக் கொடுத்து ஒரு குழந்தைக் கணக்கை உருவாக்குங்கள். அவசரத்தில் வயதைக் கூட்டிக் கொடுத்து உருவாக்கிய கணக்கில் எந்தப் பெற்றோர் கட்டுப்பாடும் சரிவர வேலை செய்யாது. பிளேஸ்டேஷனில் குடும்ப மேலாளர் ஒருவர் மேலும் 6 பேர் வரை தம் குடும்பத்தில் சேர்க்கலாம். அந்தக் குழந்தைக் கணக்கில் வயது வரம்பை அமைத்தால், அதற்கு மேற்பட்ட கேம்களை அவன் கணக்கில் திறக்க முடியாது. கேம்களுக்கான ஐரோப்பிய வயது மதிப்பீடான பெகி முறை 3, 7, 12, 16, 18 என்று வயதை எண்ணாலேயே குறிக்கிறது. வட அமெரிக்க முறை எழுத்துகளால் குறிக்கிறது. உறையில் உள்ள அந்தக் குறியைப் பார்க்கும் பழக்கம் வீட்டில் எல்லாருக்கும் வரட்டும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். கணவரின் பயனர் பக்கத்துக்குப் பூட்டு எண் இல்லையென்றால், மகன் அதன் வழியே நுழைந்துவிடுவான். புதிய பயனரை உருவாக்குவதும் விருந்தினராக நுழைவதும் தடுக்கப்படாவிட்டால், எந்தக் கட்டுப்பாடும் இல்லாத ஒரு பக்கத்தை இரண்டு நிமிடங்களில் அவனே உண்டாக்கிக்கொள்வான். இந்த இரண்டையும் கன்சோலின் பெற்றோர் கட்டுப்பாட்டில் அடைக்கலாம். வாங்கும்போது ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படியும் வைத்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணன் வேலைக்காக வெளியூர் போகிறார். அவர் கணக்கில் உள்ள கேம்களை என் கணக்குக்கு மாற்ற முடியுமா? எங்களுடையது எக்ஸ்பாக்ஸ்.

பதில்: முடியாது. ஒரு கணக்கில் வாங்கிய டிஜிட்டல் கேமை இன்னொரு கணக்குக்கு மாற்றித் தரும் வழி இல்லை. வீட்டில் இருக்கும் கன்சோலை அண்ணன் தம் ஹோம் எக்ஸ்பாக்ஸாகவே விட்டுச் சென்றால், நீங்கள் தொடர்ந்து விளையாடலாம். அவர் போகும் இடத்தில் இணைய இணைப்போடு தம் கணக்கில் விளையாடிக்கொள்வார். அவர் பின்னாளில் தம் புதிய கன்சோலை ஹோம் ஆக்கினால் உங்களுக்கு அவை மூடிவிடும். நீங்கள் மிகவும் விரும்பும் கேம்களை இனி உங்கள் கணக்கிலேயே வாங்கத் தொடங்குங்கள், அல்லது டிஸ்க்காக வாங்குங்கள். டிஸ்க் யார் கையில் இருக்கிறதோ அவர் விளையாடலாம். கணக்கு எதையும் கேட்காது.

கேள்வி: இணையத்தில் அறிமுகமான ஒருவர், பாதிப் பணம் கொடுத்தால் தம் கணக்கைப் பகிர்வதாகச் சொல்கிறார். சேரலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கன்சோல் பகிர்வு ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் நம்பி வாழ்பவர்களுக்காக ஏற்பட்டது. கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவர் கையில் இருக்கும்வரை, அவர் நினைத்த அன்று உங்களை வெளியேற்றலாம். கொடுத்த பணத்தைக் கேட்க உங்களிடம் எந்த ஆதாரமும் இருக்காது. கணக்கைப் பிறருக்குக் கொடுப்பதையும் விற்பதையும் நிறுவனங்களின் விதிகள் அனுமதிப்பதில்லை என்பதால், அவர்களிடம் முறையிடவும் வழியில்லை. உங்கள் கணக்கைக் கேட்பவர்களுக்கும் இதே பதிலைச் சொல்லுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை இன்றே இயக்கிவிடுங்கள்.

கேள்வி: தங்கை இலவச கேம்கள் மட்டுமே விளையாடுகிறாள். அவளுக்கும் சந்தா தேவையா? நான் வாங்கும் கேம் நாணயங்களை அவளும் செலவழிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலான இலவச கேம்களுக்குச் சந்தா இல்லாமலே ஆன்லைனில் விளையாடலாம், எக்ஸ்பாக்ஸும் 2021 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. நாணயங்கள் மட்டும் எந்தப் பகிர்விலும் சேர்வதில்லை. வாங்கியவரின் கணக்கில் வரவாகி அங்கேயே செலவாகிவிடும் பொருள் அது. தங்கைக்கு வேண்டுமென்றால், அவளுடைய கணக்கில் அவளே பரிசு அட்டைக் குறியீட்டை இட்டு வாங்கட்டும். செலவுக்கு ஒரு மாத வரம்பையும் அந்தக் கணக்கிலேயே நீங்கள் அமைத்துக் கொடுக்கலாம்.