வாசகர் கேள்வி – பதில்: கட்டிலருகே ஸ்கான் பழக்குதல்

கேள்வி: அவசர சிகிச்சைப் பிரிவில் பட்டப்பின் படிப்புப் படிக்கும் வைத்தியர்களுக்கு இரண்டு நாள் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் பட்டறை வைத்தோம். அன்று எல்லோரும் நன்றாகச் செய்தார்கள். ஒரு மாதம் போனபின் இரவுக் கடமையில் புறோப்பை, அதாவது உடம்பில் வைத்துப் பார்க்கும் கைக்கருவியை, தொடவே தயங்குகிறார்கள். ஏன்? (சிரேஷ்ட வைத்தியர், யாழ்ப்பாணம்)

பதில்: பட்டறையில் படுத்திருந்தவர் மெலிந்த, சுகமான சக வைத்தியர். மூச்சை அடக்கச் சொன்னால் அடக்குவார். இரவில் வருபவர் மூச்சு வாங்கிக்கொண்டு, வயிறு ஊதி, நோவில் புரண்டு படுப்பார். அந்த உடம்பில் பழகாத கை தயங்கத்தான் செய்யும். பட்டறை முடிந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு கடமையிலும் இரண்டு ஸ்கானாவது செய்விக்கவேண்டும். நோயாளரின் சம்மதத்தோடு, சிகிச்சையைத் தாமதப்படுத்தாமல். ஒவ்வொரு காட்சியையும் ஆறு செக்கன் வீடியோவாகச் சேமிக்கச் சொல்லுங்கள். நிறுத்திய படத்தில் நுரையீரல் மூச்சோடு நெஞ்சுச்சுவரில் வழுக்குவது தெரியாது. புறோப்பைச் சரித்து முழுவதும் பார்த்தாரா என்பதும் தெரியாது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் அந்த வீடியோக்களை அனுபவமுள்ள ஒருவர் கூட இருந்து பார்ப்பதுதான் உண்மையான வகுப்பு. அதை விட்டுவிட்டால் ஒரே பிழை நூறு தடவை பழகிப்போகும்.

அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டல், ஒவ்வொரு வகை ஸ்கானுக்கும் மீள்பார்வை செய்தவை 25 முதல் 50 வரை வேண்டும் என்கிறது. அத்தனையும் சுகதேகிகளாயிருந்தால் பயனில்லை. மாரி மழையோடு டெங்கு பெருகும் மாதங்களில் எங்கள் விடுதிகளில் நீர் காட்டும் நோயாளருக்குக் குறைவிராது: வலது நெஞ்சறையில் நீர், 3 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த பித்தப்பைச் சுவர், ஈரலடியில் மெல்லிய கறுப்புக் கோடாக நீர். வயிற்றுவழி டயலிசிஸ் செய்பவர் சம்மதித்தால் இன்னும் நல்லது. உள்ளே எவ்வளவு திரவம் விட்டார்கள் என்ற கணக்கே கையிலிருக்கும்.

கேள்வி: விபத்தில் வந்தவரின் வயிற்றை ஸ்கான் செய்யும்போது வலப்பக்கம் உடனே கிடைக்கிறது. இடப்பக்கம் மண்ணீரல் பிடிபடுவதேயில்லை. (பயிலும் வைத்தியர், சாவகச்சேரி)

பதில்: உங்கள் கை முன்னுக்கும் கீழுக்கும் நிற்கிறது. மண்ணீரல் நீங்கள் தேடும் இடத்துக்கு மேலே, பின்னாலே இருக்கிறது. புறோப்பைப் பிடித்த விரல்மொளி மெத்தையில் முட்டவேண்டும். பின் அக்குள் கோட்டில் (அக்குளின் பின்விளிம்பிலிருந்து நேரே கீழிறங்கும் கோடு), எட்டாம் விலாவுக்கும் பத்தாம் விலாவுக்கும் இடையில் வையுங்கள். விலா நிழல் விழுந்தால் விலாவின் சாய்வுக்கேற்பச் சற்றுத் திருப்புங்கள். மண்ணீரலும் சிறுநீரகமும் தொடும் இடத்தோடு நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கத்தில் நீர் (விபத்தில் பெரும்பாலும் இரத்தம்) அநேகமாக பிரிமென்றகட்டுக்கும் மண்ணீரலுக்கும் இடையில்தான் முதலில் தேங்கும்.

கிடைக்கிறது என்கிற வலப்பக்கத்திலும் கவனம் வேண்டும். சிறிதளவு நீர் முதலில் தெரிவது ஈரலின் கீழ்நுனியில். சிறுநீரகத்தின் கீழ்முனை தெரியும்வரை புறோப்பைக் கால்பக்கம் இறக்குங்கள். இடுப்பறையைச் சிறுநீர்க் கதீற்றர் போடுமுன் பார்த்துவிடவேண்டும். நிறைந்த சலப்பைக்குப் பின்னால் படம் அளவுக்கு மீறி வெளுக்கும். கெயினை (படத்தின் வெளிச்ச அளவை) குறைக்காவிட்டால் மெல்லிய நீர்ப்பட்டை அந்த வெண்மைக்குள் மறைந்துவிடும்.

ஒன்றும் தெரியாவிட்டால் "இரத்தக்கசிவு இல்லை" என்று எழுதவேண்டாம். சில நூறு மில்லிலீற்றர் சேரும்வரை தெரியாமலிருக்கலாம். வயிற்றறைக்குப் பின்னால் கசிவதை இந்த ஸ்கான் காட்டாது. நாடித்துடிப்பு ஏறினால், இரத்த அமுக்கம் இறங்கினால் திரும்பப் பாருங்கள். டெங்கு நீரும் இரத்தமும் திரையில் ஒரே கறுப்பு என்பதையும் மறக்கவேண்டாம்.

கேள்வி: ஸ்கானில் பார்த்து நாளத்தில் ஊசி போடப் பழக விற்கும் மாதிரிகள் விலை கூட. வீட்டில் செய்யலாமா? (தாதிய உத்தியோகத்தர், பருத்தித்துறை)

பதில்: தாராளமாக. ஒரு லீற்றர் குளிர்ந்த நீரில் 80 முதல் 100 கிராம் ஜெலற்றின் தூவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கொதிக்கவிடாமல் சூடாக்கிக் கரையுங்கள். ஆறித் தடிக்கத் தொடங்கும்போது இரண்டு மேசைக்கரண்டி இசப்கோல் உமி கலக்கவேண்டும். இது இல்லாவிட்டால் படம் வெறும் கறுப்பாயிருக்கும், சூட்டோடு போட்டால் அடியில் படியும். பாதியை ஊற்றி இறுகவிட்டு, சிவப்புச் சாயநீர் நிரப்பிய மெல்லிய லேடெக்ஸ் குழாயைக் காற்றுக்குமிழி இல்லாமல் இருபுறமும் கட்டி வைத்து, மீதியை ஊற்றி இரவு முழுவதும் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். எங்கள் வெயிலுக்கு விரைவில் இளகும். வகுப்புக்குச் சற்றுமுன் எடுத்தால் போதும். ஜெலற்றினுக்குப் பதில் அகர் போட்டால் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் உடைந்து போகும், ஊசித்தடங்களும் வெள்ளைக் கோடுகளாக நின்றுவிடும்.

நாளத்தைக் குறுக்குவெட்டாகக் காட்டிப் பழகுவோர் செய்யும் பெரிய பிழை, ஊசித்தண்டின் வெள்ளைப் புள்ளியை நுனியென்று நம்புவது. புள்ளி மறையும்வரை புறோப்பை முன்னே சரித்து, அது திரும்பத் தோன்றும்வரை ஊசியை நகர்த்தவேண்டும். மாறிமாறி, சிறிது சிறிதாக.

கேள்வி: கீழ்ப்பெருநாளம் (உடம்பின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய நாளம்) ஸ்கானில் சுருங்கினால் சேலைன் கொடுக்கலாம்தானே? (பயிலும் வைத்தியர், கோப்பாய்)

பதில்: அதை மட்டும் வைத்துக் கொடுக்கவேண்டாம். முதலில் அது பெருநாடி அல்ல என்பதை, வலது சோணையறைக்குள் நுழையும்வரை பின்தொடர்ந்து உறுதிசெய்யுங்கள். ஓரமாக வெட்டினால் தடித்த நாளமும் ஒடுங்கித் தெரியும். குறுக்காகத் திருப்பியும் பாருங்கள். 2.1 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல், மூக்கால் உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் சோணையறை அமுக்கம் குறைவு. சுகதேகியிலும் இப்படியிருக்கும். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. டெங்குக் கசிவுநிலையில் (இரத்தத்தின் நீர் குழாய்களுக்கு வெளியே கசியும் கட்டம்) கூடுதலாக ஏற்றும் திரவம் நெஞ்சறைக்குள்ளும் போய்ச்சேரும். ஆகவே "சுருங்குது" என்று பயிலுநர் சொன்னவுடன் பீ.சீ.வீ (இரத்தத்தில் செங்கலங்களின் வீதம்) எவ்வளவு, மேல்–கீழ் இரத்த அமுக்க வித்தியாசம் 20க்கு இறங்கிவிட்டதா, சிறுநீர் மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிலீற்றராவது போகிறதா என்று கேளுங்கள். அவர் புறோப்பை வைத்துவிட்டுக் கட்டில்தலைப்பு அட்டையை எடுக்கட்டும்.