ஹீரோகுவெஸ்ட் மாதிரி போர்டு கேமை வைத்து ஆன்லைனில் ரோல்பிளே நடத்தினால் ஏன் பாதியிலேயே சண்டையில் போய் முடிகிறது?

கேள்வியைப் பார்த்ததுமே ஆள் நம்ம கட்சி என்று தெரிந்துவிட்டது. நாலு பேரைப் பிடித்து, ஆளுக்கு ஒரு பாத்திரம் கொடுத்து குரூப் ஆரம்பித்திருப்பீர்கள். மூன்றாவது வாரம் ஒருத்தர் பதிலே போட்டிருக்க மாட்டார், இன்னொருத்தர் கோபித்துக்கொண்டு வெளியே போயிருப்பார். என் குரூப்பில் அப்படிப் போனவன் என் மச்சினன். அதன் பலன் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று கல்யாணம் ஆனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலிலேயே ஒன்று. டி அண்டு டி ஆடுகிறவர்கள் வந்து "இதெல்லாம் ரோல்பிளேயே இல்லை" என்பார்கள். தெரியும் ஐயா. 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ், அதாவது டி அண்டு டி என்கிற ரோல்பிளே ஆட்டம் வேறு, 1989இல் மில்டன் பிராட்லி கம்பெனி கேம்ஸ் ஒர்க்‌ஷாப்போடு சேர்ந்து போட்ட ஹீரோகுவெஸ்ட் வேறு. இது ஒரு பெட்டிக்குள் அடங்குகிற ஆட்டம். ஒரு பலகை, நாலு வீரர்கள், 14 சாகசம், அவ்வளவுதான். தடித்தடியாக ரூல் புக்கைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் மறுநாள் குரூப்பில் நான் மட்டும்தான் மிஞ்சுவேன்.

2021இல் மறுபடி வந்த பதிப்பை துபாயில் இருக்கும் என் பள்ளித் தோழன் லீவுக்கு வரும்போது கொண்டுவந்தான். அவன் திரும்பிப் போனான், பெட்டி பாளையங்கோட்டையில் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆட்டத்தில் அவன்தான் பார்பேரியன் என்கிற முரட்டு வீரன். மேலப்பாளையத்து காலேஜ் பையன் ஒருவன் குள்ளன், டியூஷன் எடுக்கும் ஒரு அக்கா எல்ஃப், அம்பாசமுத்திரத்தில் இருக்கும் மச்சினன் மந்திரவாதி. இவர்களை எதிர்க்கும் பூதங்களை ஆட்டுவது நான். ராத்திரி 9 மணிக்குச் சாப்பாட்டு மேசையில் பலகையை விரித்து, திறந்த அறைகளை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவேன். ஓர்க் என்கிற பூதப் பொம்மைகளில் ஒன்றை மகள் எங்கோ தொலைத்துவிட்டாள். அதற்குப் பதிலாக ஒரு புளியங்கொட்டையை நிறுத்தினேன். மற்ற பூதங்களை விட அந்தப் புளியங்கொட்டைக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள்.

மந்திரவாதிக்கு உயிர் 4 புள்ளிதான். அன்றைக்கு மச்சினனுக்கு மிச்சம் இருந்தது 2. குணப்படுத்தும் மந்திரத்தை முதல் அறையிலேயே செலவழித்துவிட்டான். பேசாமல் பார்பேரியன் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கலாம். "புதையல் தேடுதேன் அத்தான்" என்றான். சீட்டை எடுத்தேன், அலையும் பூதம். அந்தச் சீட்டு வந்தால் பூதம் உடனே பக்கத்தில் வந்து அடிக்கும், அது விதி. புளியங்கொட்டையைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தேன். மூன்று பகடை, மூன்றிலும் மண்டை ஓடு, அதாவது மூன்று அடி. அவன் தடுக்க இரண்டு பகடை. அதையும் நான்தான் உருட்ட வேண்டும், பெட்டி என்னிடம்தானே இருக்கிறது. "ஒரு மண்டை ஓடு, ஒரு கேடயம்" என்று அடித்து அனுப்பினேன்.

தெரியாதவர்களுக்கு: இந்தப் பகடையில் மூன்று பக்கம் மண்டை ஓடு, இரண்டு பக்கம் வெள்ளைக் கேடயம், ஒரு பக்கம் கறுப்புக் கேடயம். வெள்ளை வீரர்களைக் காக்கும், கறுப்பு பூதங்களுக்கு மட்டும். விழுந்தது கறுப்பு. அதை அடுத்த வரியில் அடிப்பதற்குள் கரண்ட் போய் வைஃபை நின்றுவிட்டது. மொபைல் டேட்டாவும் தீர்ந்திருந்தது. கரண்ட் வந்து நான் திரும்பிப் பார்த்தபோது குரூப்பில் ஒரே கொண்டாட்டம். வெள்ளைக் கேடயம் என்றே எடுத்துக்கொண்டார்கள். மூன்றில் ஒரு அடி குறைந்தாலும் மிச்ச ரெண்டுக்கு உயிர் போகுமே என்ற கணக்கைக் கூட யாரும் போடவில்லை. ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர். அதற்குக் கீழே நான் போய் "கறுப்பு" என்று ஒற்றை வார்த்தை போட்டேன்.

"நீங்க உருட்டினதை யாரு பாத்தா அத்தான்?" என்று கேட்டான். மூன்றிலும் மண்டை ஓடு விழ எட்டில் ஒரு வாய்ப்புதானாம், அது அவனுக்கு மட்டும் எப்படி விழுந்தது என்று வேறு கேள்வி. அன்று ராத்திரியே குரூப்பை விட்டுப் போய்விட்டான்.

நான் ஏமாற்றவில்லை. ஆனால் அவன் கேட்டது நியாயம் என்று புரிய எனக்கு ஒரு மாசம் ஆனது. பெட்டிக்குள் இருக்கும் ஆட்டத்தில் ஸார்கன் என்கிற வில்லனாக ஆடுபவன், அதாவது நான், மற்ற நாலு பேருக்கும் எதிரி. நேரில் ஆடும்போது அது சரி. பகடை உருளுவது எல்லார் கண்ணுக்கும் தெரியும், செத்தவனும் சேர்ந்து சிரிப்பான். ஆன்லைனில் பலகையும் என் கையில், பகடையும் என் கையில், கதை சொல்வதும் நான். எதிரியே நடுவராக உட்கார்ந்தால் எவன் நம்புவான்? உங்கள் குரூப்பிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் எனக்கு நடந்த கொடுமை வேறு. ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் வந்த சமயம் அது, டிவியைத் திறந்தால் ரம்மிப் பேச்சுதான். ஒரு காதுகுத்து வீட்டில் மச்சினன் "ஆன்லைன்ல அத்தான் பகடை உருட்டினாவ, நான் செத்தேன்" என்று யாரிடமோ புலம்பியது மாமா காதில் விழுந்திருக்கிறது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, "மாப்ள, எவ்வளவு போச்சுன்னு மட்டும் சொல்லுங்க, மகளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். ரம்மி விளம்பரத்தில் பல்லைக் காட்டியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புளியங்கொட்டை வைத்து ஆடுகிறவன் சூதாடியாகிவிட்டான்! இன்றைக்கும் நான் போனைக் குனிந்து பார்த்தால் மாமா முகம் மாறுகிறது.

அதன் பிறகு டெலிகிராமுக்கு மாறினோம். அதில் பகடை எமோஜியைத் தனியாக அனுப்பினால் உருண்டு ஒரு எண்ணில் நிற்கும். என்ன விழ வேண்டும் என்பதை அனுப்புகிறவர் தீர்மானிக்க முடியாது. 1, 2, 3 மண்டை ஓடு, 4, 5 வெள்ளை, 6 கறுப்பு. அவரவர் பகடையை அவரவரே உருட்டுகிறார்கள், பூதத்துக்கு நான் உருட்டுவதையும் எல்லாரும் பார்க்கிறார்கள். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை என்றால் அந்த ஆள் சும்மா பின்னால் நடந்து வருவார், காத்திருக்க மாட்டோம்.

இன்னொன்று, ஆங்கிலத்தில் கதை சொல்வதை விட்டேன். "யூ என்டர் எ டார்க் காரிடர்" என்று போட்டால் "ஓகே" என்றுதான் வரும். வவ்வால் புழுக்கை நாற்றம், வெறுங்காலில் கல்தளத்தின் குளிர்ச்சி, எங்கோ எண்ணெய்ப் பிசுக்கு என்று போட்டேன். இந்த ஊரில் கோயில் பிராகாரத்தில் நடக்காத கால் எது? ஒரு சாகசத்தில் நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்களை நினைத்து, தூண்களைச் சரியான வரிசையில் தட்டினால் திறக்கும் கதவு ஒன்று வைத்தேன். எல்ஃப் அக்கா நாலு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கரண்டியால் தட்டி வாய்ஸ் நோட் அனுப்பினார். பின்னணியில் அவர் மாமியார் "யாரு அது டம்ளர உடைக்கது" என்கிறார். கதவைத் திறந்துவிட்டேன், வரிசை தப்புதான்.

மச்சினன் திரும்பி வந்துவிட்டான், அதே மந்திரவாதியின் தம்பியாக. நேற்று ராத்திரி, உயிர் 2 புள்ளியில் நின்றுகொண்டு, "புதையல் தேடுதேன் அத்தான்" என்று போட்டிருக்கிறான். சீட்டை இன்னும் திருப்பவில்லை.